பென்சில் திருத்தம்

ஃபஹாஹீலில் அந்தப் பள்ளிக்கூடத்துக் குளத்தை
வெள்ளிக்கிழமை பதினோரு மணிவரைதான் வாடகைக்கு விடுவார்கள்.
அதற்குள் முப்பத்தெட்டுப் பந்தயம்.
நான் நீந்துவதில்லை.
மேசைபோட்டு உட்கார்ந்து பெயர் பதிகிறவள்.
பத்தாக்காவை வாங்கி, பிறந்த வருடம் பார்த்து
மனிதரை ஐந்தைந்து வயதாகப் பிரிக்கிறவள்.

எழுபதுக்கு மேல் என்றும் ஒரு கட்டம் உண்டு.
அதில் வருடா வருடம் ஒரே ஆள், ஒரு ஹங்கேரிக்காரர்.
தனியாக நீந்தித் தங்கம் வாங்கிக்கொண்டு
இந்த முறை போட்டி கடுமை என்பார்.

டஜன் கணக்கில் வாங்கிய பதக்கம்தான்.
கழுத்தில் போட்டால் சாயம் பிடிக்கும்.
ஆனாலும் பாதைக்கு மூன்று கடிகாரம்,
மூன்றில் நடுவில் நிற்பதே நேரம்.
எங்கும் எழுதாத விதி ஒன்றுண்டு:
கடைசி ஆள் சுவரைத் தொடும்வரை
யாரும் கரையேறக் கூடாது.

பதினேழாவது பந்தயம்.
ஆண்கள், நாற்பது முதல் நாற்பத்துநான்கு, ஐம்பது மீட்டர்.
நான்காம் பாதையில் ரெமிஜியுஸ்,
மூக்கையூர்க்காரர், பால் வண்டி ஓட்டுகிறவர்.
பாயத் தெரியாது.
வள்ளத்து விளிம்பிலிருந்து சரிவதுபோலச் சரிவார்.
மூன்றில் ரொடெல், ஏசி மெக்கானிக்,
இந்த ஐம்பது மீட்டருக்காக
எட்டு மாதம் ராச்சோற்றை நிறுத்தியவர்.

முப்பத்தொன்று புள்ளி நான்கு.
முப்பத்தொன்று புள்ளி ஒன்பது.
அரை விநாடி,
ஒரு தும்மலுக்குக்கூடப் போதாது.

பிறகு காத்திருப்பு.
ஆறாம் பாதையில் கணக்காளர் பத்ரிநாத்
அப்போதுதான் எதிர்ச்சுவரில் திரும்பி
வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.
படிக்கட்டில் எல்லோரும் தண்ணீர்ப் பாட்டிலால்
இரும்புக் கம்பியைத் தட்டினார்கள்.
ஐந்து பேரும் கயிற்றில் தொங்கினார்கள்.
அந்த ஒரு நிமிடத்தில்தான்
ரெமிஜியுஸ் கயிற்றுக்கு மேல் எக்கி
ரொடெலிடம் ஏதோ சொன்னார்.
பாதி அரபி, பாதி இந்தி,
மிச்சத்துக்கு நான்கு விரல்.

ஈரம் சொட்ட இருவரும் மேசைக்கு வந்தார்கள்.
"அக்கா, எனக்கு நாப்பத்திரண்டு இல்ல, முப்பத்தெட்டு.
வர்றப்போ பதினெட்டு.
விசாவுக்கு இருபத்திரண்டு வேணும்னான் ஏஜெண்டு.
ஜூன் ஒண்ணுன்னு அவனே போட்டான்.
அம்மா சொன்னது,
கோயில் கொடியேத்தத்துக்கு முந்தின ராத்திரி."

ரொடெலுக்குக் கோபம்தான்.
நேற்றே சொல்லியிருக்கலாமே என்றார்.
"ஜெயிப்பேன்னு
நேத்து தெரியாதே."

பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
லைசென்ஸ், வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு,
இந்த ஊரில் இருபது வருடமாக
அவர் விட்ட மூச்செல்லாம் அந்த ஜூன் ஒன்றின் பெயரில்.
எழுதினால் சாட்சி.
எழுதாவிட்டால் ரொடெலுக்கு வெள்ளி.

தலைமை நடுவர் உம்மு யூசுஃப் வந்தார்.
எங்கள் மூன்று முகத்தையும் பார்த்தார்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
மேசைமேல் வைத்துவிட்டு
பதினெட்டாவதுக்கு விசில் ஊதப் போய்விட்டார்.

முப்பத்தைந்து முதல் முப்பத்தொன்பது என்ற தாளில்
ஓரமாக எழுதினேன்:
நான்காம் பாதை. 31.4.
பெயரில்லை.
அந்தக் கூட்டத்தில் அது ஆறாமிடம்.
ஆறாமிடத்துக்கு நாங்கள் கொடுப்பது
ஒரு வாழைப்பழம், ஒரு லபன்.
லபனை வாங்கிப் பார்த்துவிட்டு
இது நான் இறக்கிய சரக்கு என்று சிரித்தார்.

பதினொன்றுக்குக் குளத்தைப் பூட்டினார்கள்.
தாள் என் பையில் இருக்கிறது,
ஒரு மூலை நனைந்து உப்பி.
அவருக்குச் சரியான வயது போட்டிருக்கிற காகிதம்
இந்த நாட்டில் அது ஒன்றுதான்.
அடுத்த வருடம் பத்தாக்காவை நீட்ட வேண்டாம்,
ஆளாக வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

ரொடெல் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.
ரெமிஜியுசுக்கு நாற்பது ஆகும்போது
தனக்கு நாற்பத்தைந்து, வேறு கட்டம்.
இனி ஒரே பந்தயத்தில் சேரவே மாட்டோம் என்றார்,
தங்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டே.
தப்பித்தேன் என்கிறாரா
தவறவிட்டேன் என்கிறாரா,
முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.